நிர்வாகப் படிப்புக்கு உதவித்தொகை: யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு எட்டவில்லை?

மே மாதம் பிறந்தால் மும்பைத் தமிழர் வீடுகளில் இரண்டு கவலைகள். ஒன்று, ஊருக்குப் போக ரெயில் டிக்கெட். மற்றொன்று, பிள்ளைகளின் மேற்படிப்பு. டிக்கெட் கவலை எப்படியோ தீர்ந்துவிடும். படிப்புக் கவலைதான் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போகிறது.

தாராவி, சயான், செம்பூர், மாட்டுங்கா, முலுண்டு, டோம்பிவிலி என்று தமிழர் வாழும் பகுதிகளில், கலைக்கல்லூரியோ பொறியியலோ முடித்த பிள்ளைகள் அடுத்தபடியாக நினைப்பது எம்.பி.ஏ. என்னும் வணிக நிர்வாகப் படிப்பை. ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மை நிறுவனங்களில் சேர ஆண்டுதோறும் நவம்பர் மாதக் கடைசியில் 'கேட்' தேர்வு நடக்கிறது. 3 லட்சத்தை ஒட்டிய பேர் மனு செய்கிறார்கள். இடம் கிடைப்பது அவர்களில் மிகச் சிலருக்குத்தான்.

அந்தச் சிலரில் ஒருவராக ஒரு குமாஸ்தாவின் மகளோ, தொழிலாளியின் மகனோ வந்துவிட்டால் வீட்டில் முதலில் மகிழ்ச்சி. மறுநாளே கேள்வி: பணத்துக்கு என்ன வழி?

"ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை இருக்கிறதே" என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான், இருக்கிறது. ஆனால் அது யாருக்கு, எந்த உருவத்தில், எந்தச் சான்றிதழின் பேரில் கிடைக்கிறது என்று பிரித்துப் பார்த்தால், வெளி மாநிலத்தில் பிழைக்கும் மாதச் சம்பளக்காரர் அதில் எங்கே நிற்கிறார் என்பது விளங்கும்.

ஏறிய கட்டணம்

கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் 1961-ம் ஆண்டிலும், பெங்களூரில் 1973-ம் ஆண்டிலும் ஐ.ஐ.எம்.கள் தொடங்கப்பட்டன. அரசுப் பணத்தில் எழுந்த நிறுவனங்கள் இவை. இன்று நாடு முழுவதும் பரவியிருக்கின்றன. மும்பை பவாய் பகுதியில் 1963-ல் தொடங்கப்பட்ட 'நிட்டி' எனும் தொழிற்பொறியியல் பயிற்சி நிறுவனமும் 2023-ம் ஆண்டு சட்டத் திருத்தத்தால் ஐ.ஐ.எம். மும்பை ஆயிற்று. அது வரிசையில் 21-வது.

கட்டணம் பற்றிய பெரிய தகராறு 2004-ம் ஆண்டு நடந்தது. அப்போது ஆண்டுக் கட்டணம் சுமார் ரூ.1½ லட்சம். அதை ரூ.30 ஆயிரமாகக் குறைக்கும்படி மத்திய மனிதவள மந்திரியாக இருந்த முரளி மனோகர் ஜோஷி பிப்ரவரியில் உத்தரவிட்டார். நிறுவனங்கள் எதிர்த்தன. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. மே மாதம் ஆட்சி மாறியது. புதிய மந்திரி அர்ஜுன் சிங் அந்த உத்தரவைக் கைவிட்டார்.

நிறுவனங்கள் அன்று சொன்ன வாதம் கவனிக்கத்தக்கது. "எல்லோருக்கும் கட்டணத்தைக் குறைக்க வேண்டாம். கட்டக்கூடியவர் கட்டட்டும். கட்ட முடியாதவருக்கு உதவி செய்கிறோம். பணமில்லை என்பதற்காக எவரும் இடத்தை இழக்கமாட்டார்" என்பதே அதன் சாரம்.

அதற்குப் பிறகு கட்டணம் வேகமாக ஏறியது. 2008-ம் ஆண்டு ஆமதாபாத் ஐ.ஐ.எம். இரண்டாண்டுப் படிப்புக்கு ரூ.11½ லட்சம் என்று அறிவித்தபோது நாடு வியந்தது. இன்று பழைய மூன்று நிறுவனங்களில் அது ரூ.25 லட்சத்தை ஒட்டியும் தாண்டியும் நிற்கிறது. 2017-ம் ஆண்டின் ஐ.ஐ.எம். சட்டம் நிறுவனங்களுக்குத் தன்னாட்சி தந்தது. கட்டணத்தை இப்போது நிறுவனத்தின் நிர்வாகக் குழுவே முடிவு செய்கிறது.

கட்டணம் ஏறும், உதவியும் கூடவே வரும் என்பதுதான் பேச்சு. கட்டணம் ஏறிவிட்டது. உதவி எந்த அளவுக்கு வந்தது?

மூன்று கதவுகள்

உதவிக்கு மூன்று கதவுகள் உள்ளன. முதலாவது, நிறுவனமே தரும் உதவி. ஐ.ஐ.எம்.கள் பலவும் குடும்ப வருமானத்தையும் சொத்தையும் பார்த்துக் கட்டணத்தில் ஒரு பகுதியையோ பெரும்பகுதியையோ தள்ளுபடி செய்கின்றன. விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் சேர்ந்த பிறகுதான் மனுவே வாங்குவார்கள். எனவே முதல் தவணையைக் கட்டும் நாளில் இந்தப் பணம் கையில் இருக்காது. இதனுடன் தனியார் அறக்கட்டளைகளின் உதவித்தொகைகளும் உண்டு. 1999-ல் தொடங்கிய ஆதித்ய பிர்லா உதவித்தொகை அவற்றில் ஒன்று. ஆனால் அது குறிப்பிட்ட சில நிறுவனங்களில் படிப்பவர்களிலும் மிகச் சிறந்த சிலருக்கே உரியது. வறுமைக்காகத் தரப்படுவதல்ல.

இரண்டாவது கதவு, அரசு உதவித்தொகை. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் 'உயர்தரக் கல்வி' உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்களில் இடம் பெற்று, குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.8 லட்சத்துக்குள் இருந்தால் அரசு நிறுவனங்களின் படிப்புக் கட்டணம் முழுவதையும் இது ஏற்கிறது. உண்மையான உதவி என்று சொல்லத்தக்கது இதுவே. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை பேர் என்று எண்ணிக்கை வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கும் இதே போன்ற திட்டம் உள்ளது. ஆனால் அதன் வருமான வரம்பு ரூ.2½ லட்சம். மும்பையில் நிரந்தர வேலையில் உள்ள குமாஸ்தா எவரும் அந்த வரம்புக்குள் வரமாட்டார்.

மூன்றாவது கதவு, வங்கிக் கடன். பெரும்பாலான குடும்பங்கள் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்.

உதவி என்ற பெயரில் கடன்

2024-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி மத்திய மந்திரிசபை 'பி.எம். வித்யாலட்சுமி' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-31 வரைக்கும் ரூ.3,600 கோடி ஒதுக்கப்பட்டிருக்கிறது. தரப்பட்டியலில் இடம் பெற்ற (தொடக்கத்தில் 860) உயர்கல்வி நிறுவனங்களில் தகுதியின் பேரில் சேர்வோருக்கு, சொத்து ஜாமீனோ ஆள் ஜாமீனோ இல்லாமல் கடன் தருவதாகத் திட்டம் கூறுகிறது. ரூ.7½ லட்சம் வரையிலான கடனுக்கு 75 சதவீதம் வரை அரசு உத்தரவாதம் நிற்கிறது.

வட்டியில் சலுகையும் உண்டு. குடும்ப வருமானம் ரூ.4½ லட்சத்துக்குள் இருந்து தொழிற்கல்வி படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஓராண்டுக்கும் ரூ.10 லட்சம் வரையிலான கடனின் வட்டி முழுவதையும் அரசே கட்டும். வருமானம் ரூ.8 லட்சம் வரை இருந்து, வேறு அரசு உதவித்தொகை பெறாதவராக இருந்தால் 3 சதவீத வட்டியை அரசு ஏற்கும். இந்த 3 சதவீதச் சலுகை ஆண்டுக்கு 1 லட்சம் மாணவர்களுக்கு.

இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரூ.10 லட்சம் கடன். ஆண்டுக்குப் பாதியாக இரண்டு முறை வாங்குகிறார். வட்டி 9 சதவீதம். இரண்டாண்டுப் படிப்பும் பிந்தைய ஓராண்டும் சேர்ந்த மூன்றாண்டுக்குத் தனிவட்டி ரூ.2 லட்சத்து 25 ஆயிரம் ஆகும். ரூ.4½ லட்சத்துக்குள் வருமானம் உள்ள வீட்டுக்கு இந்தத் தொகை முழுவதும் மிச்சம். ரூ.8 லட்சத்துக்குள் உள்ள வீட்டுக்கு ரூ.75 ஆயிரம் மிச்சம். அதற்கு ஒரு ரூபாய் மேலே போனாலும் எதுவும் கிடையாது.

சயானில் வசிக்கும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் மாதம் ரூ.70 ஆயிரம். பிடித்தம் போகக் கையில் வருவது ரூ.56 ஆயிரம். வாடகை, ஊரில் உள்ள பெற்றோருக்கு அனுப்புவது, இளைய பிள்ளையின் படிப்பு எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சமே. ஆனால் காகிதத்தில் அவருடைய ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்து 40 ஆயிரம். அரசின் கண்ணில் அவர் வசதி படைத்தவர். வங்கியின் கண்ணில் ஈடு காட்ட வீடு இல்லாதவர். உதவியின் வரம்புக்கு மேலேயும் கட்டணத்தின் எட்டாத கீழேயும் அவர் தொங்குகிறார். ஊரைவிட்டு வந்து வேலை பார்க்கும் தமிழர்களில் பெரும் பகுதியினர் நிலை இதுதான்.

இரண்டு மாநிலத்துக்கும் நடுவில்

வெளி மாநிலத் தமிழருக்குப் பணத்தைப் போலவே கனமானது காகிதம்.

தமிழக அரசு, ஐ.ஐ.எம். போன்ற மத்திய நிறுவனங்களில் படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வரை உதவித்தொகை தருகிறது. ஆனால் அது தமிழகத்தைச் சேர்ந்தவர்களுக்கு. வருமான வரம்பும் ரூ.2½ லட்சம். மும்பையில் பிறந்து, மும்பையில் படித்து, மும்பை ரேஷன் கார்டில் பெயர் உள்ள பிள்ளை அங்கே போய் நின்றால், இருப்பிடச் சான்று எங்கே என்று கேட்பார்கள்.

மராட்டிய அரசின் சாதி ஒதுக்கீட்டுச் சலுகைகளுக்கும் இதே கதை. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ள சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், குடியேறிய மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று 1990-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச் தீர்ப்பளித்தது. மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட ஆந்திர மாணவர் ஒருவரின் வழக்கு அது.

இதைக் கேட்டுவிட்டு, "நமக்கு எங்கேயும் சலுகை இல்லை" என்று பலர் சான்றிதழ் வாங்குவதையே விட்டுவிடுகிறார்கள். அது தவறு. ஐ.ஐ.எம். மத்திய நிறுவனம். அங்கே பூர்வீக மாநிலத்தின் சாதிச் சான்று செல்லும். தந்தைக்குத் தமிழகத்தில் தரப்பட்ட சான்றைக் காட்டி, பிள்ளைக்கு மத்திய அரசுப் படிவத்தில் சான்று பெற வழி இருக்கிறது.

பிற்படுத்தப்பட்டோர் விஷயத்தில் இன்னொரு குழப்பம். வருமானம் ரூ.8 லட்சத்தைத் தாண்டினால் 'கிரீமி லேயர்' ஆகிவிடுவோம் என்று குமாஸ்தாக்கள் தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். மத்திய அரசின் விதிப்படி அந்த ரூ.8 லட்சக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோர் இருவரும் 'சி' பிரிவு அரசு ஊழியர்களாக இருந்தாலும் சம்பளத்தைக் காரணம் காட்டிப் பிள்ளைக்கு இட ஒதுக்கீட்டை மறுக்க முடியாது. ஆனால் உதவித்தொகைக்கும் வட்டிச் சலுகைக்கும் சம்பளம் சேர்ந்த மொத்த வருமானமே கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மராட்டிய அரசின் கதவு முழுவதும் மூடியதும் அல்ல. சாதிப் பட்டியலில் வராதவரைப் பொதுப்பிரிவினராகக் கொண்டு உதவும் திட்டம் ஒன்று உண்டு. ராஜர்ஷி சாஹு மகராஜ் பெயரில் உள்ள கட்டண உதவித் திட்டம் அது. மராட்டியத்தில் இருப்பிடச் சான்று பெற்று, குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருந்து, அரசின் பொதுக் கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வியில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தில் பாதியை அரசு ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இது கிடையாது. சேரப்போகும் கல்லூரியும் படிப்பும் இதில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம். இங்கே பிறந்து இங்கேயே பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் இதற்குத் தகுதி உடையவர்களாக இருந்தும் மனுச் செய்வதில்லை என்பது வருந்தத்தக்கது.

'ஃபெல்லோஷிப்' வேறு

'ஃபெல்லோஷிப்' என்ற சொல்லும் பலரைக் குழப்புகிறது. எம்.பி.ஏ. படிப்புக்கு மாதாமாதம் சம்பளம் போலத் தருவார்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. மாத உதவித்தொகை என்பது ஐ.ஐ.எம்.களின் ஆராய்ச்சிப் பட்டப் படிப்புக்கு உரியது. அங்கே கட்டணம் பொதுவாக வாங்கப்படுவதில்லை. செலவுக்கு மாதந்தோறும் பணமும் தருகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37 ஆயிரம். இதைக் கொண்டு ஐ.ஐ.எம். தொகையையும் ஓரளவு ஊகிக்கலாம். பேராசிரியர் வேலையில் நாட்டமுள்ள பிள்ளைக்கு, நாலைந்து ஆண்டுகள் பொறுக்க முடிந்தால், கடன் இல்லாத வழி இது. நம்மவர்களில் இதை நினைத்துப் பார்ப்பவர்களே குறைவு.

எந்தக் கல்லூரி?

கடன் கிடைக்குமா என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்தக் கல்லூரிக்காகக் கடன்?

ரூ.22 லட்சம் கடன் என்றால் மலைப்பாக இருக்கிறது. படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்து, பிறகு 9 சதவீத வட்டியில் பத்தாண்டுக்குப் பிரித்தால் மாதத் தவணை சுமார் ரூ.28 ஆயிரம். முன்னணி ஐ.ஐ.எம்.களில் படித்தவர்களின் சராசரிச் சம்பளம் நல்ல ஆண்டுகளில் ஆண்டுக்கு ரூ.30 லட்சத்தை எட்டியிருக்கிறது. அதில் பாதி சம்பளம் வந்தாலும் தவணை பெரிய பாரமல்ல. இதனால்தான் இத்தகைய நிறுவனங்களில் இடம் கிடைத்தால், வங்கிகள் சொத்து ஈடு கேட்காமலே பெருந்தொகை தருகின்றன.

பெயர் தெரியாத தனியார் கல்லூரியில் ரூ.10 லட்சம் கடன் என்பது பார்வைக்குச் சிறியது. வட்டி சேர்ந்து அது ரூ.12¼ லட்சம் ஆகும்போது மாதத் தவணை சுமார் ரூ.15,500. படிப்பு முடித்த பையனுக்கு மாதம் ரூ.25 ஆயிரத்தில் விற்பனை வேலை கிடைத்தால், மீதி ரூ.9,500-ல் அவன் மும்பையில் எப்படி வாழ்வான்? தவணை தவறினால் வங்கி கேட்பது கூட்டாகக் கையெழுத்திட்ட தந்தையை. ஓய்வு பெறும் வயதில் அவருடைய சேமிப்பு கரையும். பெரிய கடன் ஆபத்து, சிறிய கடன் பத்திரம் என்ற எண்ணம் இந்த விஷயத்தில் பொய்த்துப் போகிறது.

இரண்டுக்கும் நடுவில் மும்பையிலேயே நல்ல வழிகள் உள்ளன. மும்பைப் பல்கலைக்கழகத்தின் ஜம்னாலால் பஜாஜ் நிர்வாகக் கல்வி நிறுவனம் 1965 முதல் நடக்கிறது. சிடன்ஹாம் நிர்வாகக் கல்வி நிறுவனம் அரசு நிறுவனம். இவற்றின் கட்டணம் ஐ.ஐ.எம். கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். வேலைவாய்ப்பிலோ நல்ல பெயர். வீட்டிலிருந்து லோக்கல் ரெயிலில் போய் வந்து படிக்கலாம். மராட்டிய அரசின் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். ஐ.ஐ.எம். கனவில் இந்தத் தேர்வை அலட்சியம் செய்வது நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு.

ஜூனில் தொடங்க வேண்டும்

இட அனுமதிக் கடிதம் வந்த பிறகு சில நாட்களுக்குள் முதல் தவணை கட்ட வேண்டியிருக்கிறது. அப்போது வருமானச் சான்றுக்கு அலைவதும், சாதிச் சான்றுக்கு ஊருக்கு ஆள் அனுப்புவதும் காலம் கடந்த செயல். தேர்வு நவம்பரில் என்றால் ஜூன் மாதமே காகித வேலையைத் தொடங்க வேண்டும். இருப்பிடம், சாதி, வருமானம் ஆகிய மூன்று சான்றுகளையும், தந்தை, பிள்ளை இருவரின் பெயர் எழுத்துகள் எல்லாக் காகிதங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தந்தை பெயர் ஒரு காகிதத்தில் இன்ஷியலாகவும் மற்றொன்றில் குடும்பப் பெயராகவும் இருப்பது தமிழர் வீடுகளில் சர்வசாதாரணம். மனு திரும்பி வரும் இடமும் அதுவே.

வங்கி பற்றியும் சில விதிகள் தெரிந்திருக்க வேண்டும். ரூ.4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. "உங்கள் வீடு எங்கள் கிளையின் எல்லையில் இல்லை" என்று சொல்லி மனுவைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லியிருக்கிறது. வட்டி முழுவதையும் அரசு ஏற்கும் சலுகை வாழ்நாளில் ஒரே ஒரு படிப்புக்குத்தான். பொறியியலுக்கு அதைப் பயன்படுத்தியவர் எம்.பி.ஏ.க்கு மீண்டும் கேட்க முடியாது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர், கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டி முழுவதையும் எட்டு ஆண்டு வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் இது இல்லை.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பணம் கட்டியபின், வகுப்பு தொடங்கும் முன் விலகினால் ரூ.1,000-க்கு மேல் பிடிக்கக் கூடாது. அசல் சான்றிதழ்களையும் வைத்துக்கொள்ளக் கூடாது. நல்ல இடம் பின்னால் கிடைத்தும், முன்னால் கட்டிய பணத்துக்குப் பயந்து பழைய இடத்திலேயே தங்கிவிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது

குடும்பங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில குறைகளை அரசுதான் நீக்க முடியும். ரூ.8 லட்சம் என்ற வரம்பில் சலுகை ஒரேயடியாக அறுந்து போவது நியாயமல்ல. வருமானம் ஏற ஏறச் சலுகை படிப்படியாகக் குறையும்படி செய்யலாம். மும்பையில் ரூ.8 லட்சமும் சிற்றூரில் ரூ.8 லட்சமும் ஒன்றல்ல என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேலைக்காக மாநிலம் மாறிய குடும்பத்தின் பிள்ளையை, பூர்வீக மாநிலமாவது குடியேறிய மாநிலமாவது ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்று விதி வர வேண்டும். இன்று இரண்டும் கைவிரிக்கின்றன.

நிறுவனங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கட்டணம் ஏறினாலும் எவரும் பணத்தால் இடம் இழக்கமாட்டார் என்பது 2004-ம் ஆண்டின் வாக்கு. மிக ஏழ்மையான மாணவர் சிலர் விஷயத்தில் அந்த வாக்கு ஓரளவு காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே உள்ள குமாஸ்தா வீட்டுப் பிள்ளைக்கு 'உதவி' என்று கையில் தரப்படுவது கடன் பத்திரம்தான். அந்தப் பத்திரத்துக்குப் பயந்து கேட் தேர்வுக்கே மனுப் போடாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பது எந்த நிறுவனத்தின் கணக்கிலும் வராது. முதல் தவணைக்கு முன்பே உதவி எவ்வளவு என்று எழுத்தில் சொல்லிவிட்டால், அந்த அச்சத்தில் பாதி தீரும். இதற்குப் புதிய சட்டமோ, பெரிய நிதியோ தேவையில்லை.